அல்சூரில் ஓர் ஆலோசனை மையம்: ஆட்டிசம் உள்ளவனின் பார்வையில்

பெங்களூரில் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச் சிதறல், மறதி, பரபரப்பு போன்றவை சேர்ந்த நிலை) என்று பலகை வைத்திருக்கும் மையங்களில் நான் விசாரித்தவை அனைத்தும் குழந்தைகளுக்கானவை. முப்பது வயதைக் கடந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, இவ்விரண்டும் தனக்கு இருப்பதைத் தாமதமாக அறிந்துகொண்ட ஒருவர் தமிழில் பேசக்கூடிய ஆலோசகரைத் தேடினால், எளிதில் கிடைப்பதில்லை. அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இரண்டு ஆலோசகர்கள் நடத்தும் இந்தச் சிறிய மையத்துக்குக் கடந்த ஆண்டிலிருந்து சென்று வருகிறேன்.

முதல் சந்திப்புக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது. எந்த வெளிச்சம் தொந்தரவு தருகிறது, வாசனைப் பொருள்கள் ஒத்துக்கொள்ளுமா, பேச்சு வராமல் போகும் நேரத்தில் எழுதிக் காட்ட விருப்பமா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். படிவத்தை வாங்கி அலமாரியில் போட்டுவிடும் இடங்களும் உண்டு என்பதால் நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உள்ளே சென்றபோது ட்யூப்லைட் அணைக்கப்பட்டு, சன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தது. நாற்காலிகளும் எதிரெதிராக இல்லாமல் சற்றுக் கோணலாகப் போடப்பட்டிருந்ததால், கண்ணைப் பார்த்துப் பேசியாக வேண்டிய நிர்ப்பந்தம் எழவே இல்லை.

உடன் வந்த அம்மா, வழக்கம்போல என் சார்பில் பதில் சொல்லத் தொடங்கினார். "அம்மா, நீங்க சொல்றதும் எனக்கு உதவியாத்தான் இருக்கும். முதல்ல அவர்கிட்ட கேட்டுக்கறேன். அவர் சரின்னா உங்களையும் கூப்பிடறேன்" என்றார் ஆலோசகர். சேவை பெறுபவரின் விவரங்களைக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மகனுக்கு எத்தனை வயதானாலும் அவனுக்காகத் தாய் பேசும் நம் வீடுகளில், தாயின் மனம் நோகாமல் அதை நிறைவேற்றத் தனித் திறமை வேண்டும்.

முன்பு நான் சென்ற வேறோர் இடத்தில், அலுவலக இரைச்சலைத் தாங்க முடியவில்லை என்று சொன்னபோது, அதை மிகைப்படுத்தப்பட்ட எண்ணமாகக் கருதி, சரிபார்த்து எழுதிவரும்படி ஒரு தாளைக் கொடுத்தார்கள். எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிபிடி முறையின் மீது எனக்குக் குறையில்லை. காதில் விழும் சத்தம் வலிப்பதை அந்தத் தாளில் எங்கே எழுதுவது என்பதுதான் விளங்கவில்லை. மனநல நிலைகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேடு, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அளவுகோல்களிலேயே சேர்த்திருக்கிறது. அல்சூர் ஆலோசகர் அதே புகாரைக் கேட்டதும், எந்தச் சத்தம், எந்த நேரத்தில், எந்த இருக்கையில் என்று விசாரித்தார். நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று கூறும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருப்பதை எடுத்துக்காட்டி (ஏடிஎச்டி அதில் இல்லை என்பது வேறு வருத்தம்), இருக்கை மாற்றம் கேட்டு மேலாளருக்கு எழுதும் கடிதத்தை என்னுடன் உட்கார்ந்து வடிவமைத்தார். ஆனால் மேலாளர் என்னை வெறுக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்ததை அவர் எளிதில் ஏற்கவில்லை. அதற்கு என்ன ஆதாரம் என்று துருவித் துருவிக் கேட்டார். தஞ்சாவூர்ப் பொம்மை போலத் தலையாட்டும் ஆலோசகரிடம் நான் பணம் கொடுத்துப் போயிருக்க மாட்டேன்.

மனத்தில் என்ன தோன்றுகிறது என்று கேட்டால் எனக்குப் பெரும்பாலும் பதில் வராது. உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்வது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம் என்பதை அறிந்தவராதலால், வயிறு இறுகியதா, தாடை வலித்ததா, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று அவர் உடம்பிலிருந்து தொடங்குகிறார். வீட்டுப்பாடத்தை எழுதாமல், குரல் பதிவாக அனுப்பவும் அனுமதி உண்டு.

இந்தக் கவனமெல்லாம் அறைக்கதவோடு நின்றுவிடுகிறது என்பதே என் முதன்மையான குறை. எழுத்தில் தொடர்புகொள்ளவே விருப்பம் என்று படிவத்தில் குறித்திருந்தும், அப்பாயின்ட்மென்ட்டைத் தொலைபேசியில்தான் வாங்க வேண்டியிருக்கிறது; ரிசப்ஷனில் இருப்பவர் அந்தப் படிவத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. காத்திருக்கும் இடத்தில் தொலைக்காட்சி ஓயாமல் ஓடுகிறது. வர மறந்தால் பாதிக் கட்டணம் பிடித்துக்கொள்கிறார்கள். மறதி உள்ளவர்களுக்குச் சேவை அளிக்கும் மையம், முந்தைய நாள் ஒரு நினைவூட்டல்கூட அனுப்பாமல் இந்த விதியை வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை. ஆலோசகரிடம் சொன்னேன், பேசுவதாகச் சொன்னார், இதுவரை மாற்றமில்லை.

இங்கே ஆட்டிசமோ ஏடிஎச்டியோ இருக்கிறதா என்று கண்டறிந்து சான்று தருவதில்லை. அதற்கு மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ பார்க்கும்படி முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஐம்பது நிமிட அமர்வுக்கு 1,500 ரூபாய். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பேசலாம். மையம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. படியேற இயலாதவர்கள் வீடியோ அமர்வைக் கேட்டுப் பெறலாம்.