வெள்ளி என்று தலையில் கட்டப்படும் 1972, 1981 அரச திருமண நாணயங்கள்

எலிசபெத் அரசி, பிலிப் திருமணத்தின் 25ஆம் ஆண்டுக்காக 1972இல் பிரிட்டன் வெளியிட்ட ‘கிரவுன்’ என்னும் பெரிய நினைவு நாணயத்தை ‘வெள்ளி விழா நாணயம்’ என்று போட்டு, வெள்ளிக்கான விலைக்கு ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி வாங்கிய ஒருவரின் நாணயத்தைச் சோதித்துப் பார்த்தோம். செப்பு-நிக்கல்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வெள்ளி விழான்னுதானே போட்டேன், வெள்ளின்னு எங்கே சொன்னேன்?” என்று விற்றவர் கையை விரித்துவிட்டார்.

செப்பு-நிக்கலில் அந்த நாணயம் 74 லட்சத்துக்கும் மேல் வந்தது. 92.5 சதவீத வெள்ளியில் வந்த புரூஃப் (சேகரிப்பாளருக்கென்று கண்ணாடிபோல் மின்ன அடித்த நாணயம்) ஒரு லட்சம்தான். 1981 சார்லஸ்-டயானா கிரவுன் செப்பு-நிக்கலில் 2.6 கோடியைத் தாண்டும். அதைப் போய் ‘அரிய நாணயம்’ என்பது சுத்தப் பொய்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு உலோகத்திலும் எடை 28.28 கிராம், விட்டம் 38.6 மி.மீ. தராசில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. காந்தமும் இரண்டிலும் ஒட்டாது. கண்ணாடிபோல் மின்னுகிறதே என்றும் நம்பக் கூடாது. 1972இல் செப்பு-நிக்கலிலும் புரூஃப் உண்டு. பெட்டியும் சான்றிதழும் அசலாகவே இருக்கலாம், உள்ளே நாணயத்தை மாற்றியிருப்பார்கள். உரைகல்லில் தேய்க்கவோ ஆசிட் வைக்கவோ வேண்டாம்: வெள்ளி முலாம் பூசியிருந்தால் ஏமாற்றும், அசலாக இருந்தால் கீறல் விழுந்து சேகரிப்பு மதிப்பே போய்விடும்.

தண்ணீர்ச் சோதனைதான் வழி. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் பாதி டம்ளர் காய்ச்சி வடித்த நீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ பட்டால் கணக்கு தப்பும். குமிழி ஒட்டியிருந்தாலும் அப்படியே. தராசு 2.7 கிராம் பக்கம் காட்டினால் வெள்ளி, 3.2 பக்கம் காட்டினால் செப்பு-நிக்கல். முலாம் பூசியிருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். பிறகு மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். புரூஃபில் மயிரிழைக் கீறல் விழும்.

24 காரட் தங்க முலாம் பூசிய டயானா கிரவுன்களும் சுற்றுகின்றன. அந்த முலாம் நாணயச்சாலை போட்டதல்ல, பிறகு தனியார் பூசியது. சேகரிப்பாளர் அதற்குக் கூடுதல் காசு தரமாட்டார், குறைத்துத்தான் கேட்பார்.

வாங்கும் முன்பே, தண்ணீரில் தொங்கும் நாணயமும் தராசின் எண்ணும் ஒன்றாகத் தெரியும் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். ‘92.5 வெள்ளி, இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.