குழந்தையின் ரோடு பைக்கில் முன் கியர் இறுக்கமா? ஷிமனோ ஆப்டிஸ்லிக் கேபிள் செட் போட்டுப் பார்த்தோம்

மகளுடையது சின்ன ஃபிரேம் ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டில்பார் வைத்த வேக சைக்கிள். ஷிமனோ கிளாரிஸ் கியர், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. பின் கியர் ஒரு விரல் பட்டாலே மாறிவிடும். ஆனால் இடது லீவரைத் தள்ளிச் செயினைப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றுவதென்றால் அவளுக்குப் பெரும்பாடு, நாலு விரலையும் சேர்த்துத் தள்ளினாலும் பாதியில் நின்றுவிடும், கடைசியில் ஹேண்டில்பாரே ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். ஈசிஆரில் காலையில் லாரியும் பஸ்ஸும் போகிற இடத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினால், எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுவிட்டு, "கையில பலம் பத்தல சார், வளர்ந்தா சரியாயிடும்" என்றார்கள். இன்னொரு கடையில் லீவரையே மாற்றச் சொன்னார்கள். இரண்டுமே தவறு. மாற்ற வேண்டியிருந்தது கேபிள் மட்டும்தான். குழந்தையின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன் கியர் பின் கியரைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அது இயல்பு. டெரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. பின் டெரெய்லர் செயினின் தொய்வான கீழ்ப்பக்கத்தில் வேலை செய்கிறது. முன் டெரெய்லரோ பெடல் இழுத்து விறைப்பாக இருக்கும் மேல்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பெரிய சக்கரத்தின் மேல் ஏற்ற வேண்டும், அதுவும் தன் ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டு. இதோடு சின்ன ஃபிரேம் வேறு. ஹேண்டில்பார் குறுகல், லீவரிலிருந்து ஃபிரேமுக்கு வரும் அவுட்டரும் (கேபிளின் வெளியுறை) குட்டை, அதனால் பெரியவர்கள் பைக்கில் நீளமாக வளைந்து வரும் கேபிள் இதில் சட்டென்று மடங்கித்தான் திரும்புகிறது. கிளாரிஸ் ஆர்2000 லீவரில் கியர் கேபிள் பார் டேப்புக்கு (ஹேண்டில்பாரைச் சுற்றிய பட்டை) உள்ளேயே ஓடுகிறது, பார்க்க அழகு, ஆனால் அங்கேயும் ஒரு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் உராய்வு கூடும். பெரியவர் கைக்கு அது தெரியவே தெரியாது, பத்து வயதுக் கைக்கு நன்றாகத் தெரியும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். செயினைச் சின்ன சக்கரத்துக்கு இறக்கிவிட்டு, டெரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டை ஆலன் கீ போட்டுத் தளர்த்துங்கள். இப்போது டெரெய்லரைக் கட்டைவிரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டும் தெரிந்து, விட்டதும் சட்டென்று திரும்பினால் அதில் குறையில்லை. மெதுவாகத் திரும்பினால் மூட்டுகளைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். அப்புறம் கேபிள் முனையைப் பிளையரில் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு லீவரைத் தட்டுங்கள், பிறகு கேபிளை மட்டும் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் கேபிள் நறநறவென்று வந்தது. லீவரிலிருந்து உருவி எடுத்தபோது பார் டேப்புக்குள் வளைகிற இடத்தில் மட்டும் அரையடிக்குத் துரு, கையில் செம்பழுப்புத் தூள் ஒட்டியது. கடற்கரை ஊரில் எதுதான் துருப்பிடிக்காது! வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டி முழுக்கக் கெட்டியான கறுப்புப் பிசின். தண்ணீர் பாட்டிலிலிருந்து குளுக்கோஸ் வழிந்து, புழுதியோடு சேர்ந்து காய்ந்தது. அதை வெந்நீரில் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் எவ்வளவு நல்ல கேபிள் போட்டும் பயனில்லை.

இனி இந்த ஆப்டிஸ்லிக் செட். இரண்டு இன்னர் (உறைக்குள் ஓடும் கம்பி), எஸ்பி41 என்கிற 4 மி.மீ. அவுட்டர், முனை மூடிகள் எல்லாம் வருகின்றன. இன்னர் மேல் வழுக்கும் பூச்சு உண்டு, துருவையும் தடுக்கும். இதைவிட விலை கூடிய பாலிமர் பூச்சுக் கேபிளும் ஷிமனோவிடம் உண்டு, ஆனால் அந்தப் பூச்சு நாளாக ஆக நார் நாராக உரிந்து லீவருக்குள் அடைவதுண்டு, குழந்தை வண்டிக்கு இதுவே போதும். அவுட்டருக்குள்ளே நீளவாக்கில் ஓடும் கம்பிகள், அதனால் அழுத்தினாலும் சுருங்காது, உள்ளே ஏற்கெனவே கிரீஸும் உண்டு. சில கடைகளில் பிரேக் அவுட்டரை வெட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்பார்கள், ஒன்றில்லை. அது சுருள் கம்பி, லீவரை அழுத்தும்போது அதுவும் சேர்ந்து அமுங்கி, கொடுத்த பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

மாட்டிய பிறகு வித்தியாசம் உடனே தெரிந்தது. மகள் ரெண்டே விரலில் பெரிய சக்கரத்துக்கு ஏற்றுகிறாள், ஹேண்டில்பார் அசைவதில்லை. முத்துக்காடு பாலத்தில் இறக்கம் வரும்போது அவளாகவே மாற்றிக்கொள்கிறாள், முன்பெல்லாம் சின்ன சக்கரத்திலேயே காலைச் சுழற்றிக்கொண்டு வருவாள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

குறைகளும் உண்டு. பேர் தெரியாத கேபிளைவிட விலை நிறையவே கூடுதல், புது லீவர் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அவுட்டரைச் சாதாரண பிளையரில் வெட்டினால் நசுங்கிவிடும், கூர்மையான கேபிள் கட்டர் வேண்டும், வெட்டிய பிறகு உள்குழாயின் வாயை ஊசியால் திறந்துவிட வேண்டும். மாட்டும்போது இரண்டு இடத்தில் கவனம். லீவரை முழுக்கக் கீழ்நிலைக்குத் தட்டிவிட்டுத்தான் கேபிளை இறுக்க வேண்டும். அப்புறம், போல்ட்டின் எந்தப் பக்கம் கேபிள் போகிறது என்று பாருங்கள், அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும், மாற்றிப் போட்டால் நெம்பும் தூரம் குறைந்து லீவர் மறுபடி கனத்துவிடும். டெரெய்லரின் வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும். டெரெய்லர் வெளிப்பக்கம் எவ்வளவு நகரலாம் என்று கட்டுப்படுத்தும் ஹெச் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தால் லீவர் சுவரில் இடித்த மாதிரி நிற்கும், அதற்குக் கேபிள் பொறுப்பில்லை. ஏற்றத்தில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினாலும் இறுகத்தான் செய்யும். மாற்றுகிற அந்த நொடிக்கு மிதிப்பைத் தளர்த்தச் சொல்லிக்கொடுங்கள்.

முதல் சில ஓட்டத்தில் கேபிள் கொஞ்சம் தளரும், மறுபடி ஒருமுறை இழுத்து முடுக்கினால் சரி. செட்டில் இருக்கும் இன்னொரு இன்னரைப் பின் கியருக்கும் அப்போதே போட்டுவிடுங்கள், எப்படியும் பார் டேப்பை அவிழ்க்கத்தானே போகிறீர்கள். புது டேப் ஒரு செட்டும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், பழையதைத் திரும்பச் சுற்றினால் பசை சரியாக ஒட்டாது.