கொதிச்சா போயிடும்னு சொன்னாங்க: கிருஷ்ணகிரியில் ஒரு பீர் சிக்கன்

சாப்பாட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. கிருஷ்ணகிரியில் பெங்களூரு ரோட்டுப் பக்கம், மேலே லைசென்ஸ் பார், கீழே ஃபேமிலி ரெஸ்டாரண்ட் என்று இருக்கிற ஒரு ஹோட்டல். பெயர் போடவில்லை. பீர் ஊற்றிச் சமைக்கிற எந்தக் கடைக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழு பேர் போனோம்: நான், என் மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள், தர்மபுரியிலிருந்து வந்திருந்த அக்கா, மாமா, அவர்கள் பையன்.

களி கேட்டோம். ராகி களியைக் கட்டி தட்டாமல் கிண்டுவது ஹோட்டலில் அபூர்வம், இங்கே உருண்டையை விரலால் அழுத்தினால் வழுவழுவென்று குழிந்தது, நடுவில் பச்சை மாவு வாசனை இல்லை. நாட்டுக்கோழிக் குழம்பில் எண்ணெய் மேலே மிதக்காமல், தேங்காய் போட்டு ஏமாற்றாமல், மிளகு முன்னால் நின்றது. பரோட்டா சுமார். பிரியாணி வேண்டாம். கை கழுவுகிற இடம், கழிவறை இரண்டும் சுத்தம், வண்டி நிறுத்த நிறைய இடம், ஏழு பேருக்கு இரண்டாயிரத்துக்குள் பில் வந்தது.

இனி எழுத வந்த விஷயம். மெனுவில் ஒரு ஸ்பெஷல் சிக்கன் இருந்தது, மண்சட்டியில் வரும் என்று படம் போட்டிருந்தார்கள், அதில் பீர் இருக்கிறது என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டார்கள், ஒன்று சொன்னோம். சட்டி மூடியோடு வந்தது. சர்வர் மூடியைத் தூக்கினார். ஆவி குப்பென்று மேலே வந்தது, மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது, அதில் ஒரு சொட்டு மாமாவின் தட்டுப் பக்கம் விழுந்தது. மாமா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மச்சான், இதுல பீர் இருக்கு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மாமா குடியை விட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. டாக்டர் டைசல்பிராம் மாத்திரை கொடுத்திருக்கிறார், தினமும் காலையில் அக்கா கையால் போட்டுக்கொள்கிறார். அந்த மாத்திரை என்ன செய்யும் என்றால், உடம்புக்குள் போகும் ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறும், அப்புறம் அது உடைந்து அசிட்டிக் அமிலமாகும், இந்த இரண்டாவது படியை மாத்திரை அடைத்துவிடும். அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்கினால் முகம் சிவக்கும், தலை விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கலாம். இருமல் டானிக்கைக்கூட லேபிள் பார்த்து வாங்குங்கள், வினிகர் போட்ட சாப்பாட்டிலும் கவனமாக இருங்கள் என்று டாக்டர் அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷன் முன்னால்தான் இந்தச் சட்டியைத் திறந்து வைத்தார்கள்.

சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன், மறைக்கவில்லை. "ஆமா சார், பீர்லதான் வேக வைப்போம். ஆனா கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் ஆவியாப் போயிடும் சார், குழந்தைங்களே சாப்பிடலாம்." மேனேஜரும் வந்து அதையே சொன்னார். "பீரையே கம்பெனில கொதிக்க வச்சுத்தான் சார் செய்யறாங்க" என்று கூடுதலாக ஒன்றும் சொன்னார்.

இரண்டுமே தப்பு. கோபத்தில் சொல்லவில்லை, நான் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லேபில் வேலை செய்கிறேன், எதை எவ்வளவு சூடு பண்ணினால் எது போகும், எது நிற்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சீசனில் பெங்களூரா ரக மாங்கூழை 28 பிரிக்ஸ் வரை, அதாவது நூறு கிராமில் சுமார் 28 கிராம் சர்க்கரை என்ற கணக்குக்குக் கெட்டியாக்குவோம், வாசனை பறந்துவிடக் கூடாது என்றுதான் காற்றை உறிஞ்சி எடுத்து, குறைந்த சூட்டிலேயே தண்ணீரை ஆவியாக்குகிறோம். அப்படியும் வாசனையில் பெரும் பங்கு ஆவியோடு போய்விடும், அதே சமயம் கொஞ்சம் கூழிலேயே நிற்கவும் நிற்கும். ஒரு பொருள் சீக்கிரம் ஆவியாகும் என்பது வேறு, முழுசாகப் போய்விடும் என்பது வேறு.

மேனேஜர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். பீர் ஃபேக்டரியில் கொதிக்க வைப்பது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புத் தண்ணீரை. ஹாப்ஸ் பூவை அதில் போட்டுக் கொதிக்க விடுவார்கள், கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. அந்த நேரத்தில் அதில் ஆல்கஹாலே கிடையாது. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்த பிறகு, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை உண்டாக்கும். கொதித்து முடித்த பிறகு பிறக்கிற ஒன்று அந்தக் கொதியில் எப்படிப் போயிருக்கும்?

அடுத்தது ஆவியாகிப் போய்விடும் என்ற கதை. ஆல்கஹால் தனியாக இருந்தால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். அதனால் 78 தாண்டியதும் ஆல்கஹால் மட்டும் எழுந்து போய்விடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீரில் கலந்த ஆல்கஹால் அப்படி நடந்துகொள்ளாது. இரண்டும் ஒன்றாகக் கலந்தே இருக்கும், கலவை முழுசும் நூறுக்குச் சில டிகிரி கீழேதான் கொதிக்கத் தொடங்கும், எழும் ஆவியில் இரண்டுமே இருக்கும். முதலில் வருகிற ஆவியில் ஆல்கஹால் பங்கு அதிகம், பாத்திரத்தில் அது குறையக் குறைய ஆவியிலும் குறையும், கடைசிக் கொஞ்சத்தை வெளியேற்றத்தான் ரொம்ப நேரம் ஆகும். சாராயம் காய்ச்சியவர்களுக்கு இது தெரியும். ஆல்கஹால் மட்டும் தனியாக எழுந்து வரும் என்றால் ஊறலை ஒருமுறை காய்ச்சினாலே சுத்த ஸ்பிரிட் கிடைத்திருக்கும். கிடைக்காது, தண்ணீரும் கூடவே வரும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது, வெவ்வேறு முறையில் சமைத்த பதார்த்தங்களில் ஊற்றிய ஆல்கஹாலில் 4 சதவீதத்திலிருந்து 85 சதவீதம் வரை மிஞ்சியிருந்தது. அந்த நாட்டு வேளாண்மைத் துறையின் அட்டவணையிலும் கணக்கு இருக்கிறது. கொதிக்கிற குழம்பில் ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் அப்படியே இருக்கும். கிளறிவிட்டு 15 நிமிஷம் வேகவைத்தால் 40, அரை மணி நேரத்துக்கு 35, ஒரு மணி நேரத்துக்கு 25, இரண்டு மணி நேரத்துக்கு 10, இரண்டரை மணி நேரம் வைத்தாலும் 5 சதவீதம் மிச்சம். டிவியில் பிராந்தி ஊற்றித் தீ கொளுத்திக் காட்டுகிறார்களே, அதில்கூட முக்கால்வாசி பாத்திரத்திலேயே நிற்கிறது. அகலமான பாத்திரத்தில் அதிகம் போகும், குறுகலான பாத்திரத்தில் குறைவாகப் போகும். மூடி போட்டால் சொல்லவே வேண்டாம், மேலே போன ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து திரும்பக் குழம்பிலேயே சொட்டும். மாமாவின் தட்டுப் பக்கம் விழுந்த சொட்டு அதுதான்.

மாஸ்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன், உள்ளே விட்டார்கள். அரூர் பக்கத்துக்காரர், தோளில் துண்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினார். அப்போது இன்னொரு ஆர்டர் வந்திருந்ததால் செய்தே காட்டினார். வெங்காயம், மசாலா வதங்கிச் சிவந்த பிறகு பாட்டிலைச் சாய்த்தார், பால் பொங்குவதுபோல் நுரை வாணலி விளிம்பு வரை ஏறியது, கரண்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி அடக்கினார். முதலில் சுட்ட ரொட்டி மாதிரி ஒரு வாசம், அடுத்த மூச்சிலேயே மூக்கைக் குத்துகிற நெடி. "நெடி நின்னுட்டா போயிடுச்சுன்னு அர்த்தம்ணா" என்றார். நெடி நிற்பது மசாலா வாசனை மேலே ஏறி அதை மூடிவிடுவதால், ஆல்கஹால் தீர்ந்ததால் அல்ல. அப்புறம் சின்ன வெல்லக் கட்டி ஒன்று போட்டார், ஏன் என்று கேட்டேன், பீர் சுண்டச் சுண்டக் கசக்கும்ணா, அதை வெல்லம்தான் அடக்கும் என்றார். ஹாப்ஸின் கசப்பு ஆவியாகாது, தண்ணீர் குறையும் அளவுக்குக் கசப்பு கூடும். படிக்காமலே கை அறிந்த வித்தை.

அவர் சொன்ன கணக்கு: ஒரு கிலோ கோழிக்கு 650 மில்லி பாட்டில் ஒன்று, மூடி போட்டு 20 நிமிஷம், நாலு சட்டிக்கு வரும். அதோடு நிற்கவில்லை. சட்டியில் எடுத்து வைத்து மூடுவதற்கு முன் வாசனைக்காக இரண்டு பெரிய ஸ்பூன் பச்சை பீர் தெளிக்கிறார்.

5 சதவீத பீர் என்றால் ஒரு பாட்டிலில் 32.5 மில்லி ஆல்கஹால். 20 நிமிஷத்தில் நூற்றுக்கு 35லிருந்து 40 வரை மிஞ்சும் என்றே வைத்தாலும், மூடி போட்டதைக் கணக்கில் சேர்க்காமலே 12 மில்லி, ஒரு சட்டிக்கு 3 மில்லி. கடைசியில் தெளிக்கிற 30 மில்லி பீரில் ஒன்றரை மில்லி ஆல்கஹால், அதில் கிட்டத்தட்ட எல்லாமே நிற்கும். ஆக ஒரு சட்டிக்கு நாலு மில்லிக்கு மேல், அதாவது ஒரு டீ கிளாஸ் பீரில் இருக்கிற அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஊற்றினால் ஏழு மில்லி பக்கம் போகும். எந்த பீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டதற்கு "ஸ்டாக்ல எது இருக்கோ அதுதாண்ணா" என்றார்.

குடிக்கிற பழக்கம் உள்ள ஆளுக்கு இது ஒன்றும் செய்யாது, போதையும் ஏறாது, தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, கோழி பஞ்சுபோல் வெந்திருக்கிறது. ஆனால் மாமா மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண், எட்டு வயசுப் பையன், மார்க்கத்துக்காக ஒரு சொட்டும் தொடாதவர், இவர்கள் எல்லோரும்தான் ஃபேமிலி ரெஸ்டாரண்டுக்கு வருகிறார்கள். கிருஷ்ணகிரி டவுனில் எத்தனை இஸ்லாமியக் குடும்பங்கள் இருக்கின்றன என்று அந்த மேனேஜருக்குத் தெரியாதா? பீர் ஊற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊற்றியிருக்கிறோம் என்று மெனுவில் ஒரு வரி போடுங்கள், கேட்டால் எல்லாம் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். மாமாவுக்கு அந்த வாசனை தெரிந்ததால் தப்பித்தார். மாத்திரையை ரகசியமாகச் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர், கூட்டத்தில் வாயைத் திறந்து கேட்கவே மாட்டார்கள்.

மேனேஜர் "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அந்தச் சட்டியைப் பில்லிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். மாஸ்டர் தானாகவே பீர் இல்லாமல், புளித்த தயிரும் கொஞ்சம் கருப்பட்டியும் போட்டு இன்னொரு சட்டி வேறு வாணலியில் செய்து அனுப்பினார். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஃபேக்டரி ஆட்கள் நாலு பேரோடு மறுபடி போனேன். மெனுவில் அந்த ஸ்பெஷல் சிக்கன் பக்கத்தில் "பீர் சேர்த்தது" என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதே பக்கத்தில் இருக்கிற மீன் வறுவல் மாவையும் பீரில்தான் கரைக்கிறார்கள், அதற்கு ஒன்றும் எழுதவில்லை. மாஸ்டரிடம் சொன்னேன், எழுத வைக்கிறேன்ணா என்றார். ஆல்கஹால் இல்லாத ஜீரோ பாட்டிலில் செய்து பார்க்கலாமா என்றும் கேட்டார், முளைகட்டிய பார்லியின் ருசியும் ஹாப்ஸ் கசப்பும் அதிலும் இருக்கும், ருசி கிட்டத்தட்ட வரும், செய்து பாருங்கள், ஆனால் அதையும் மெனுவில் எழுதுங்கள் என்றேன்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது, ஜீரோவாக இருந்தாலும் அந்த வாசனை எனக்கு வேண்டாம் மச்சான், அந்தக் களிக்கு வேண்டுமானால் வருகிறேன் என்றார். அடுத்த ஞாயிறு போகிறோம். போனால் மீன் வறுவலுக்கு எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு இங்கேயே சொல்கிறேன்.