தைப்பூசத்திற்கு ஆண்டு விடுப்பா, விடுமுறை மாற்றமா?

சிங்கப்பூரில் 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறையாக இல்லாததால், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை காவடி எடுப்பவர்கள், பிடிவாதமான மேலாளரிடம் அந்த ஒரு நாளை இரண்டு வழிகளில் கேட்கலாம்.

முதலாவது, ஆண்டு விடுப்பு. வேலை நியமனச் சட்டப்படி, மூன்று மாதம் பணியாற்றியவருக்கு முதல் ஆண்டில் 7 நாள் உண்டு. அது ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி 14 வரை செல்கிறது. ஆனால், எந்த நாளில் எடுப்பது என்பதற்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டும். "அன்றைக்கு ஆள் இல்லை" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடக்கூடும்.

இரண்டாவது, பொது விடுமுறை ஒன்றை இருதரப்பும் ஒப்புக்கொண்டு வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்வது. சட்டம் இதையும் அனுமதிக்கிறது. "கிறிஸ்துமஸ் அன்று கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் சார், தைப்பூசத்தன்று மட்டும் என்னை விட்டுவிடுங்கள்" என்று கேட்டால், ஆள் கிடைக்காத நாளுக்கு ஒருவர் கிடைத்த நிம்மதியில், விடுப்புப் படிவத்தை நிமிர்ந்தும் பாராத மேலாளர்கூடப் பணி அட்டவணையைத் திறந்து பார்ப்பார். இதில் இழப்பும் உண்டு: பொது விடுமுறையில் உழைப்பதற்கான கூடுதல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கிடைக்காது. மேலும், வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும்.

விரதமிருந்து காவடி எடுப்பவருக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது இரண்டாவது வழியையே. ஊரிலுள்ள பெற்றோரைப் பார்க்கச் செல்லவும் ஆண்டு விடுப்பு குறையாமல் இருக்கும்.