ரிவர்ட்டா, ரிப்ளையா?

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் ஆபீஸ் ஒன்றில் வெளிநாட்டுக்கு மெயில் எழுதுவது என் வேலை. சேர்ந்த புதிதில் எங்களிடம் தோல் வாங்கும் இத்தாலி பையர் ஒருவருக்கு, ‘ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த டேன் கலர் பை ஃப்ரைடே’ என்று எழுதினேன். சாம்பிளைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவரோ, பழைய கலருக்கே ஏன் திரும்பச் சொல்கிறீர்கள், புது ஷேடில் சாயம் சரியாக ஏறவில்லையா என்று கேட்டு எழுதிவிட்டார். மேனேஜர் என் மேசைக்கே வந்து, “இன்னாப்பா இது, பழைய கலரைப் பத்தி நாம எப்பப் பேசினோம்?” என்றார். அதை விளக்கி முடிக்கவே இரண்டு நாள் போனது.

ரிவர்ட் என்றால் முன்பிருந்த நிலைக்கே திரும்புவது. திரும்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பப் போனதே, அது ரிவர்ட். குத்தகைக் காலம் முடிந்து நிலம் சொந்தக்காரரிடமே போய்ச் சேர்வதும் ரிவர்ட். அதனால் ‘ரிவர்ட் டு மீ’ என்று வக்கீலுக்கு எழுதினால், சொத்து என் கைக்கே வரவேண்டும் என்று கேட்பதுபோல் ஆகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சரியான பொருள் நம்மூருக்குப் புதிதே இல்லை. வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். தற்காலிகப் பதவி உயர்வில் தாசில்தாரானவர் மறுபடி துணை தாசில்தாராக இறக்கப்பட்டால், “அவர் ரிவர்ட் ஆயிட்டாரு” என்பார்கள். டெபுடேஷனில் போனவர் தாய்த்துறைக்குத் திரும்பினாலும் அதே சொல்தான். அரசு ஊழியர்கள் வாயில் சரியாக வருகிற சொல், மெயிலுக்குள் நுழைந்ததும் ‘பதில்’ ஆகிவிடுகிறது. என் ஊகம்: ‘திருப்பிக் கூப்பிடறேன்’, ‘திருப்பி எழுது’ என்றே பேசிப் பழகிய நமக்கு, திரும்புதல் இருக்கிற இடமெல்லாம் ரிவர்ட்டும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ‘ரிவர்ட் பேக்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ‘கேட்டு வாசல்’ கதை, ஒரே பொருளை இரண்டு தடவை சொல்வது.

இதற்காக அந்தப் பழக்கத்தை ஒரேயடியாகத் தப்பு என்று தள்ளவும் மாட்டேன். சிங்கப்பூர், மலேசியாவிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இந்திய ஆங்கில வழக்கு என்று குறித்து இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்ட அகராதிகளும் இருக்கின்றன. ஆனால் அந்த இத்தாலிக்காரர் அகராதியைப் புரட்டிக்கொண்டா என் மெயிலைப் படிப்பார்?

ரிப்ளை அப்படிக் காலை வாராது. யார் படித்தாலும் ஒரே பொருள். ஒரே கவனம், பின்னால் ‘டு’ வேண்டும்; ‘ரிப்ளை த மெயில்’ ஆகாது. மெயிலுக்குப் பதில் என்கிறோமே, அந்த ‘க்கு’தான் இந்த ‘டு’ என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆனால் அதே கணக்கை ஆன்சருக்குப் போடாதீர்கள், ‘ஆன்சர் த மெயில்’தான் சரி.

ரெஸ்பாண்ட் இன்னும் கொஞ்சம் விறைப்பானது, அகலமானதும்கூட. அதற்கு வாய்ச்சொல்லோ எழுத்தோ வேண்டும் என்பதில்லை. வேலூர் சிஎம்சி வார்டில் டாக்டர் “பேஷண்ட் நல்லா ரெஸ்பாண்ட் பண்றார்” என்றால், மருந்து கேட்கிறது என்று அர்த்தம். அவர் பேசிவிட்டார் என்றல்ல. புகார், டெண்டர், வக்கீல் நோட்டீஸ் மாதிரி சமாசாரங்களுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். சாம்பிள் கலர் கேட்பதற்கெல்லாம் இது அதிகம்.

‘கெட் பேக் டு’ பேச்சு வழக்கு. தெரிந்த பையர் என்றால் தாராளமாக எழுதலாம். முதல் மெயிலில் மட்டும் வேண்டாம்.

என் தேர்வு, கடல் தாண்டிப் போகிற மெயிலுக்கு ரிப்ளை. ஆர்டர் பழைய டிசைனுக்கே மாறும்போது மட்டும் ரிவர்ட். சென்னை ஷிப்பிங் ஏஜென்ட், பேங்க் ஆட்கள் என்றால் எதை எழுதினாலும் புரிந்துகொள்வார்கள். போன வாரம் ஏஜென்டுக்கு, ‘ப்ளீஸ் ரிப்ளை பை மண்டே’ என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். பத்து நிமிஷத்தில் வந்தது: ‘நோட்டட் சார், வில் ரிவர்ட்.’