டிஎஸ்எல்ஆர் வீடியோ ரிக்: நாள்பட எது நிற்கிறது, எது ஆடுகிறது

வீடியோ எடுக்க டிஎஸ்எல்ஆர் கேமராவைச் சுற்றிப் பூட்டும் சட்டமும் துணைக் கருவிகளும் சேர்ந்ததுதான் ரிக். புதிதில் எந்த ரிக்கும் கெட்டியாகத்தான் இருக்கும். நாள்பட்ட பிறகு ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது ஃப்ரேம் லேசாக நகர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது கேமராவின் அடியில் உள்ள 1/4 அங்குல ஸ்க்ரூவை. அது ஒன்றுதான் பிடிமானம் என்றால், ஃபாலோ ஃபோகஸ் (லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைப் பல்சக்கரத்தால் திருப்பும் கருவி) தரும் முறுக்கில் கேமரா அந்த ஸ்க்ரூவையே அச்சாகக் கொண்டு திரும்பும். இன்னும் இறுக்கிப் பயனில்லை, அடியில் இருக்கும் ரப்பர் நசுங்கி மறுபடி தளரும். பின்பக்கம் விளிம்பு உயர்ந்த பேஸ்பிளேட் (கேமரா உட்காரும் அடித்தகடு) போட்டால் இந்தத் திருப்பம் நிற்கும். அந்தந்த மாடலுக்கென்றே செய்த கேஜ் (கேமராவைச் சுற்றி வரும் கூடு) அதைவிட நல்லது. எல்லா கேமராவுக்கும் பொருந்தும் கேஜில் எங்காவது இடைவெளி மிஞ்சும்.

பாகங்களைப் பூட்டும் இரண்டு ராடுகள் 15 மி.மீ. விட்டம், மையத்துக்கு மையம் 60 மி.மீ. என்ற அளவில் இருந்தால் வேறு வேறு நிறுவனப் பாகங்களையும் கலந்து பூட்டலாம். மலிவான கிளாம்புகளில் துளைகள் இம்மி விலகியிருப்பது உண்டு. கிளாம்பைத் தளர்த்திவிட்டு இரண்டு ராடுகளையும் ஒருசேரத் தள்ளிப் பாருங்கள். ஒன்று போய் மற்றது சிக்கினால் அந்தக் கிளாம்ப் வேண்டாம். கார்பன் ராடு எடை குறைவு, ஆனால் அளவு மீறி இறுக்கினால் விரிசல் விடும். கையில் பிடிக்கும் சின்ன ரிக்குக்கு அலுமினியமே போதும். இரண்டு குட்டை ராடுகளை மரையால் இணைத்து நீட்டுவதைவிட நீளமான ராடு ஒன்று வாங்குவது மேல். இணைப்பு ஒவ்வொன்றும் ஆட்டத்துக்கு ஒரு வழி.

அதிகப் பொறுமை கேட்பது ஃபாலோ ஃபோகஸ். அதன் பல்சக்கரம் பொதுவாக 0.8 மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்). ஸ்டில் லென்ஸில் பல் இருக்காது, பல் வளையம் ஒன்றைச் சுற்றிக் கட்ட வேண்டும். வளையத்தின் பூட்டு வரும் இடத்தில் சக்கரம் ஏறாது என்பதால், ஃபோகஸ் ஓடும் எல்லைக்கு வெளியே பூட்டை வையுங்கள். பல்லோடு பல் சேர்ந்தால் போதும். அழுத்தி வைத்தால் லென்ஸ் குழல் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, திருப்பும்போதெல்லாம் படம் அசையும். இடைவெளி விட்டு வைத்தால் திசை மாற்றும்போது சக்கரம் சற்று சும்மா சுற்றிவிட்டுத்தான் லென்ஸைத் திருப்பும். இன்னொன்று: ஃபோகஸ் வளையம் முடிவில்லாமல் சுற்றும் லென்ஸில் ஃபாலோ ஃபோகஸின் வெள்ளை வட்டில் போட்ட ஃபோகஸ் குறிகள் நிலைக்காது. எல்லை தாண்டி ஒருமுறை சுற்றினாலே குறி இடம் மாறிவிடும். இரு முனையிலும் நிற்கும் லென்ஸ் இல்லையென்றால் ஃபாலோ ஃபோகஸில் பணம் போட வேண்டாம்.

தோள் ரிக்கில் எடை முழுவதும் முன்னால் தொங்கினால் மணிக்கட்டு சீக்கிரம் சோரும். பின்பக்கம் எதிர் எடை மாட்டி, கையை நொடி நேரம் விலக்கிப் பாருங்கள், மூக்கு கவிழாமல் இருக்க வேண்டும். பேட்டரியையே எதிர் எடையாக்கினால் கூடுதல் சுமை மிச்சம். மேட் பாக்ஸ் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பெட்டி) சதுர ஃபில்டர் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும்.

வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே போய்விடுவதால் ஆப்டிகல் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், எனவே திரை மீது லூப் (கண் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) மாட்டுவது அவசியமாகிறது. அதன் கண்பக்கம் வெயிலைப் பார்த்தபடி கேமராவை வைத்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும்.

வெளி மானிட்டர் உண்டென்றால் மினி எச்டிஎம்ஐ கேபிளுக்குக் கிளாம்ப் கட்டாயம். கேபிள் ஒருமுறை இடறி இழுபட்டாலே போர்ட் தளர்ந்துவிடும், அதைச் சரிசெய்ய கேமராவைப் பிரித்தாக வேண்டும்.