ஈ கருவுல எதைப் பாக்கலாம்: வயித்துப் பள்ளமா, உடம்பு நீள்றதா?

பழ ஈ கருவுல செல் வடிவம் மாறுறதை வச்சு புராஜெக்ட் பண்றவங்க பலரும் இந்த ரெண்டுல எதை எடுக்கறதுன்னு குழம்புறாங்க. பள்ளம்னா வயித்துப் பக்க செல்லுங்க உள்ள மடங்கிப் போறது, நீள்றதுன்னா உடம்பாகப் போற செல் பட்டை நீளமாகறது.

ஜீன்: பள்ளத்துக்கு ட்விஸ்ட், ஸ்நெய்ல். நீள்றதுக்கு ஈவன்-ஸ்கிப்டு, ரன்ட், அதுங்க பேச்சைக் கேட்கிற டோல் ரிசப்டர்கள் (செல் மேற்பரப்புல இருக்கிற புரதங்கள்).

செல் என்ன பண்ணுது: பள்ளத்துல மயோசின்ங்கிற இழுக்குற புரதம் செல்லோட வெளிப்பக்க முகத்துல கூடி இழுக்குது, ஒரே இழுப்பு கிடையாது, கொஞ்சம் சுருங்கும், நிக்கும், மறுபடி சுருங்கும், ஸ்நெய்ல் இல்லன்னா அந்தத் துடிப்பே சரியா வராது, ட்விஸ்ட் இல்லன்னா துடிக்கும் ஆனா சுருங்கினது நிக்காம திரும்ப விரிஞ்சிடும். ஜீனுக்கு ஒரு வேலைன்னு இவ்ளோ தெளிவா பிரிஞ்சு தெரியறது உண்மையிலேயே அபூர்வம்! நீள்றதுல செல்லுங்க பக்கத்து செல்லை மாத்திக்கிட்டே போகுது, அந்தப் பட்டை ரெண்டு மடங்குக்கு மேல நீளும்.

நேரம்: பள்ளம் 20 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும், நீள்றது ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

முதல் தடவைன்னா பள்ளமே எடுங்க, கருவோட வயித்துப் பக்கம் லென்ஸைப் பாத்து இருக்கணும், அவ்ளோதான். கோடிங் தெரிஞ்சு ஒவ்வொரு செல்லையும் டிராக் பண்ணப் பொறுமை இருக்கறவங்களுக்குத்தான் நீள்றது.